முப்பிடாதி பெயரில் ஓர் எக்ஸ்ரே

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ஐயம்பெருமாளாகிய நான், ஓய்வுபெற்ற சார்பதிவாளர், வயது எழுபத்து நான்கு. காலஞ்சென்ற என் தம்பி தாணுமாலையனின் மனைவி ஆவுடைத்தாய். அவர்களுடைய ஒரே மகள் விஜயஸ்ரீ, வயது இருபத்தைந்து, சிவில் இன்ஜினியரிங் படித்தவள். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் தயார்செய்து கொடுக்கும் கிருபைராஜ், தன் லேப்டாப்போடு. காபி கொண்டு வந்த இசக்கியம்மா, பதினெட்டு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்பவள்.

முதல் தடவை எழுதியபோது நான்கு பேர் என்றுதான் எழுதினேன். இசக்கியம்மாவைச் சேர்க்கவில்லை. பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதினேன்.

விஜயஸ்ரீக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீர்வள மேலாண்மை முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மணிமுத்தாறு அணையில் சேரும் வண்டலைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அங்கிருந்த பேராசிரியரே பதில் எழுதியிருந்தார். செப்டம்பர் இருபத்தாறுக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் இடம் போய்விடும். அடுத்த வருடம் அந்தப் பேராசிரியர் ஓய்வுபெறுகிறார். இவையெல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். வீட்டில் மூன்று மாதமாக வேறு பேச்சே கிடையாது.

விசாவுக்கு முன்னால் காசநோய் இல்லை என்று ஒரு சான்று வாங்க வேண்டும். அதற்கு ஆகஸ்ட் இரண்டாம் வாரம் சென்னைக்குப் போய் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். உள்ளே போவதற்கு முன், "முன்னாடி இந்த நோய் வந்திருக்கான்னு கேப்பாவ. இல்லைன்னு சொல்லு" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவள் உள்ளே போய் அப்படியே சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று கிருபைராஜ் படித்துக் காட்டியது அந்த மையத்திலிருந்து வந்த கடிதம். வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு தழும்பு தெரிகிறது. பழையதா, இப்போது உள்ளதா என்று படத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மூன்று நாள் சளி எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு வர எட்டு வாரம் ஆகும்.

"எட்டு வாரம்னா அக்டோபர் பாதி ஆயிரும்" என்றான் கிருபைராஜ். "சீட்டு போயிரும் ஐயா. ஆனா கீழ ஒரு வரி போட்டிருக்காவ. பழைய எக்ஸ்ரே, பழைய சிகிச்சைக் காகிதம் ஏதும் இருந்தா அனுப்பச் சொல்லுதாவ. ரெண்டு படத்தையும் ஒப்பிட்டுப் பாத்து, பழைய தழும்புதான்னு தெரிஞ்சா உடனே சான்று குடுத்துருவாவளாம். ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் கிடையாது" என்றேன்.

"இருக்கு" என்றாள் விஜயஸ்ரீ.

ஆவுடைத்தாய், "ஏட்டி, சும்மா இரி" என்றாள்.

"இருக்கு அண்ணே. பெரியப்பா பீரோவுல இருக்கு. ஆனா என் பேர்ல இல்ல."

கிருபைராஜுக்குப் புரியவில்லை. சிரித்தான். "படம் ஒன் நெஞ்சு, பேரு வேற ஆளா? என் ஆதார் அட்டையில என் மூஞ்சியே வேற ஆளு மாதிரிதான் இருக்கு, அது வேற கதை. யாரு பேர்ல இருக்கு?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. காபித் தட்டோடு நின்ற இசக்கியம்மாவைப் பார்த்தாள்.

"முப்பிடாதி பேர்ல. ஆறு மாசம் அந்த ஆஸ்பத்திரியில முப்பிடாதின்னு கூப்பிட்டா நான்தான் எந்திரிச்சுப் போனேன்."

முப்பிடாதி இசக்கியம்மாவின் மகள்.

இசக்கியம்மா தட்டைப் பைய மேசைமேல் வைத்தாள். ஒரு டம்ளரிலும் காபி சிந்தவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பம் அது கம்ப்யூட்டர் தப்பு இல்லையாய்யா?"

அவள் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

அவள் கேட்டது எதை என்று சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன், படிப்பு முடிந்த கையோடு விஜயஸ்ரீக்கு விடாத காய்ச்சல், இருமல். ஒருநாள் சளியில் ரத்தம் வந்தது. நோய் இன்னதென்று தெரிந்ததும் நான் ஒரு முடிவு எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பெண் கொடுத்து எடுக்கிற வீடுகள் பத்துப் பன்னிரண்டுதான். ஒரு வீட்டில் தெரிந்தால் எல்லா வீட்டிலும் தெரிந்துவிடும். தகப்பன் இல்லாத பிள்ளை. அதனால் இங்கே எங்கும் காட்டவில்லை. நாகர்கோவிலில் ஒரு வாடகை வீடு பிடித்துத் தாயையும் மகளையும் அங்கே வைத்தேன். சென்னையில் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னேன்.

அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்டார்கள். இந்த நோய் யாருக்கு வந்தாலும் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்றாள் பதிவு மேசையில் இருந்த பெண். அரசாங்கப் பதிவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் அந்த வேலைதான் பார்த்தேன். ஒரு தடவை ஏறிய பெயர் இறங்காது.

என் தோல்பையில் இசக்கியம்மா வீட்டுப் பட்டா மாறுதலுக்கான காகிதங்கள் இருந்தன. நான் செய்து கொடுப்பதாகச் சொல்லி வாங்கி வைத்திருந்தவை. அதில் முப்பிடாதியின் ஆதார் நகலும் இருந்தது. இரண்டு பெண்களுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. நகலில் முகம் கறுப்பாக அப்பியிருந்தது, யார் முகம் என்று சொல்ல முடியாது. பதற்றத்தில் கை தவறி எடுத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் "முப்பிடாதி" என்று கூப்பிட்டபோது விஜயஸ்ரீ எழுந்திருக்கவில்லை. குடைக் காம்பால் அவள் முழங்கையில் இடித்தேன்.

மூன்றாவது வாரம் இசக்கியம்மா குடியிருக்கும் கால்வாய்க்கரைத் தெருவுக்கு ஸ்கூட்டரில் ஒரு சுகாதாரப் பணியாளர் வந்திருக்கிறார். டீக்கடையில் நிறுத்தி, "காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுத முப்பிடாதி வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குச் சளிகூட இல்லை. இசக்கியம்மா அழுதுகொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள். "கம்ப்யூட்டர்ல பேரு மாறியிருக்கும். நான் எழுதிப்போட்டுச் சரி பண்ணுதேன்" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் எழுதிப்போடவில்லை. பணியாளர் மாதாமாதம் வந்தார்.

போன மாசியில் முப்பிடாதிக்கு நாங்குநேரியில் ஒரு மாப்பிள்ளை பேசி, வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்யும் நாள்வரை வந்து நின்றுபோனது. காரணம் எனக்குத் தெரியும். இசக்கியம்மா அதையும் என்னிடம்தான் சொல்லி அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இசக்கியம்மா வேலைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து அந்த எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது மேல்மூலையில் வெள்ளை எழுத்தில் பெயர், வயது, தேதி. மிகச் சிறிய எழுத்து. கிருபைராஜை வரச் சொன்னேன்.

"இந்த மூலை மடங்கி ஒடிஞ்சு போச்சுன்னு வையும். பேரு இல்லாம அனுப்பினா ஏத்துக்கிடுவாவளா?"

அவன் படத்தைத் தொடவே இல்லை. "நீங்களா ஐயா கேக்குதியோ? பத்திரத்துல ஒரு சுழி அடிச்சுத் திருத்தியிருந்தாக்கூட எங்க அப்பாவைத் திருப்பி அனுப்புனது நீங்கதான். நாலு தடவை அலைஞ்சாவ."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்வே."

"பிடிச்சாங்கன்னா பத்து வருஷத்துக்கு அந்த நாட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது. வேற நாட்டுக்குக் கேட்டாலும் இது முன்னால வந்து நிக்கும். ஏற்கெனவே நோய் வந்ததில்லன்னு ஒரு பொய் சொல்லியாச்சு. அதையே முதல்ல திருத்தி எழுதிக் குடுக்கணும். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில விசாரிச்சேன். நீங்க நோட்டரி முன்னால உண்மையச் சொல்லி எழுதிக் குடுக்கணும். அந்த முப்பிடாதிப் பிள்ளையும் நேர்ல வந்து, அது நான் இல்லைன்னு கையெழுத்துப் போடணும். அப்பதான் பேரை மாத்திச் சான்று தருவாவளாம்."

ஆவுடைத்தாய் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். என்னிடம் நேருக்கு நேர் அதிகம் பேசுகிறவள் இல்லை. "அத்தான், படிப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தப் படத்தைக் கொளுத்திப் போடுங்க. இவ இங்கனயே இருக்கட்டும்."

"கொளுத்துங்க" என்றாள் விஜயஸ்ரீ மாடிப்படியில் நின்றுகொண்டு. "நான் போய்க் கால்வாய்க்கரையில சொல்லிட்டு வாரேன். பெரியப்பா சொன்னா ஒரு மாதிரி இருக்கும், நான் சொன்னா வேற மாதிரி இருக்கும். எது வேணும்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

என் வீட்டுப் பிள்ளை என்னை முந்திக்கொண்டு தெருவில் பேசுவதை நான் அனுமதிக்க முடியாது. வியாழக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்கரைத் தெருவுக்குப் போனேன். பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. நாங்கள் தெருவில் நுழைந்ததும் குழாயடியில் பேச்சு நின்றது.

முப்பிடாதி வாசலிலேயே நின்றாள். தெற்கு பஜாரில் ஒரு ரெடிமேட் கடையில் வேலை பார்த்தவள். கடைக்காரர் சென்ற வருடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"வாங்கய்யா. பயப்படாம உள்ள வாங்க. எனக்கு ஒண்ணும் கிடையாது."

ஒரே அறை. இசக்கியம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. முப்பிடாதி இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விஜயஸ்ரீ எடுத்து முழுவதையும் குடித்தாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், எப்போது கார் வரும் என்பதையும் சொன்னேன்.

"கையெழுத்துத்தான, போடுதேன்" என்றாள் முப்பிடாதி. "நாகர்கோவில்ல ஒரு ரூமுக்குள்ள உக்காந்து நான் நோயாளி இல்லைன்னு எழுதிக் குடுத்தா, உங்க பிள்ளை பிளேன் ஏறிரும். எங்க குழாயடிக்கு அது எப்படித் தெரியும்?"

"நாளாவட்டத்தில தெரிஞ்சிரும்."

"மூணு வருஷம் நாள்தானய்யா வட்டமடிச்சுது? நான் குடம் வச்சா அடுத்த குடத்தைத் தள்ளி வைக்காவ. எங்க அத்தை மவன் கல்யாணத்துல எனக்குத் தனியா இலை போட்டாவ." அவள் குரல் உயரவே இல்லை. "வார செவ்வாக்கிழமை அம்மன் கோயில்ல பூசை. தெரு பூரா வரும். நீங்க வந்து, எல்லாரு முன்னாலயும் நின்னு சொல்லுங்க. மறுநா காலைல நான் கார்ல ஏறுதேன்."

"நான் எழுதித் தாரேன். படிக்க வேண்டியவங்க படிச்சுக்கிடட்டும்."

"எங்க தெருவுல படிக்கத் தெரிஞ்சதே பாதிப் பேரு. வாயால சொல்லுங்க."

விஜயஸ்ரீ, "முப்பிடாதி, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்க்கா. உங்களுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. அது யாருக்கும் வாரதுதான். கூப்பிடும்போது என் பேருக்கு எந்திரிச்சியளே, அதைத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்கேன்."

விஜயஸ்ரீ தலை குனிந்தாள். நான் எழுந்துவிட்டேன். எனக்கு வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. வெளியே வந்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது, திரும்பிப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் இரண்டு. வேட்டி சட்டை, அங்கவஸ்திரத்தோடு போனேன். ஆவுடைத்தாய் வரவில்லை, வீட்டில் விளக்கும் ஏற்றவில்லை. பூசை முடிந்து திருநீறு கொடுத்தபின் கோயில் முன்னால் நின்று சொன்னேன். பேசவேண்டியதை நான்கு வரியாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். நோய் யாருக்கு, பெயரை மாற்றியது யார், எப்போது, எங்கே. சாகும்வரை இந்தத் தெருவில் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஒருவரும் ஏசவில்லை. ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் எனக்கு வழிவிட்டது. எனக்கு அது என்னவோபோல் இருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முப்பிடாதி கும்பிட்டவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காரில் ஏறினாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். ஆஸ்பத்திரி திருத்திய சான்றைக் கொடுத்தது. ஆறாம் தேதி பழைய படம் சென்னைக்குப் போயிற்று. முன்பு சொன்னது பொய் என்று விஜயஸ்ரீ தன் கையால் எழுதிய கடிதமும் அதோடு போயிற்று. சென்னை டாக்டர் அவளை நேரில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். ஒன்பதாம் தேதி, தழும்பு மூன்று வருடமாக மாறவில்லை, பழையதுதான் என்று சான்று வந்தது. பதினெட்டாம் தேதி விசா வந்தது. இருபத்திரண்டாம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினாள். உள்ளே போவதற்கு முன், "முப்பிடாதிக்கு ஃபோன் பண்ணுனேன் பெரியப்பா. எடுக்கல" என்றாள்.

விஜயஸ்ரீயின் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். முப்பிடாதியின் காரியமும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் முதல் வாரம் முகம்மது சுல்தான் எதிர்ப்பட்டார். என் காலத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். தெருவென்றும் பார்க்காமல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒம்மள மாதிரி ஒரு மனுசன் இனிப் பொறந்துதான்வே வரணும்."

"எதுக்கு?"

"என்ன எதுக்கு? வேலைக்காரி மவளுக்குக் கல்யாணம் நின்னு போச்சின்னு, அந்த நோயத் தன் வீட்டுப் பிள்ளை தலையில தூக்கி வச்சு, கோயில் முன்னால நின்னு சொன்னீராமே! பெத்தவன்கூடச் செய்யமாட்டான். ஊரே அதான் பேசுது."

"சுல்தான், நான் சொன்னது உண்மை."

"நீரு அப்பிடித்தான சொல்லுவீரு." அவர் சிரித்தார். "எங்கிட்டயுமா? நோய்க்காரப் பிள்ளைய எவன்வே லண்டனுக்கு விடுவான்? படம் புடிச்சுப் பாத்துத்தான விடுதான்? ஒம்ம பிள்ளை பிளேன் ஏறிப் போயிட்டாள்லா. அதுலயே தெரியலையா யாருக்கு நோயின்னு?"

நான் வெயிலில் நின்றேன். அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கால்வாய்க்கரைக்குப் போனேன். வழியில் இரண்டு பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். முப்பிடாதி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நாங்குநேரியில இருந்து ஆள் வந்துச்சு" என்றாள். "பெரியவரு பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருக்காரு, ஆனா எங்களுக்கு வேண்டாம்னுட்டாவ. இப்பம் அந்த நோய் எனக்கு இல்லைன்னு நானே சொன்னாலும், பெரிய மனுசன் பேரைக் கெடுக்காதட்டின்னு சொல்லுதாவ."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க உண்மையச் சொன்னாலும் தானம் குடுத்த மாதிரித்தான் கேக்குதாவ. வாயால சொன்னது போதும். எழுதுங்க. பத்திரம் மாதிரி எழுதுங்க. யாரு யாரு இருந்தாவன்னு பேரோட எழுதுங்க. எங்க அம்மா பேரையும் எழுதுங்க."

அன்றும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொடுத்திருப்பாளா என்று தெரியாது.

விஜயஸ்ரீயிடம் ஃபோனில் சொன்னேன். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. "என் பேரை முழுசா எழுதுங்க பெரியப்பா. தாணுமாலையன் மகள்னே எழுதுங்க" என்றாள். ஆவுடைத்தாய் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், இன்னும் திரும்பவில்லை. இசக்கியம்மாவும் வருவதில்லை. காபி நானே போட்டுக்கொள்கிறேன்.

கால்வாய்க்கரைத் தெருவிலும் பஜாரிலும் நாங்குநேரியிலும் சொல்லப்படுவது தவறு. நான் யாருக்காகவும் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. இசக்கியம்மாவின் மகள் முப்பிடாதிக்குக் காசநோய் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது வந்தது தாணுமாலையன் மகள் விஜயஸ்ரீக்கு. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானாள். அதனால்தான் விமானம் ஏற விட்டார்கள். பெயரை மாற்றிக் கொடுத்தது நான்.